ராத்திரியிலும் மொட்டைமாடி ஏன் சுடுகிறது?

மே மாதம் இரவு பத்து மணிக்கும் மயிலாப்பூர் மொட்டைமாடியில் வெறுங்காலோடு நின்றால் சூடு தெரியும். கான்கிரீட் ஒரு வெப்ப உண்டியல். பத்துக்குப் பத்து அறையின் 5 அங்குலத் தளம் சுமார் 2,800 கிலோ. அது ஒரு டிகிரி சூடேற ஏறக்குறைய 0.7 யூனிட் ஆற்றல் வேண்டும். பகலெல்லாம் சேர்த்ததை, சூரிய மின்சாரம் ஓய்ந்த பிறகு நம் தலையில் கொட்டுகிறது. ஏசிகள் ஒன்றாக இரைவதும் அப்போதுதான்.

இதையே திருப்பிப் போடலாம். சூரிய மின்சாரம் ஓயாத பிற்பகலிலேயே அறையைக் கூடுதலாகக் குளிர்வித்தால் சுவர்கள் அந்தக் குளிரைப் பிடித்துவைக்கும் (குளிர் என்று தனியே ஒரு பொருள் இல்லை, இயற்பியல் ஆசிரியர்கள் மன்னிக்க). மாலையில் ஏசியைத் தளர்த்தலாம். எத்தனை நேரம்? பொறியாளர்கள் வீட்டை மின்சுற்றாகவே வரைகிறார்கள்: வெப்பத்தைத் தடுப்பது மின்தடை, தேக்குவது மின்தேக்கி. இரண்டையும் பெருக்கினால் நேரம் கிடைக்கும். செங்கல்லும் சுண்ணாம்புமான பழைய மெட்ராஸ் டெரஸ் வீடு தாக்குப்பிடிக்கும். கதவு திறந்தே கிடக்கும் தி. நகர் கண்ணாடிக் கடை சீக்கிரமே கைவிரித்துவிடும்.