கடற்கரைச் சிறாரும் கடல்வளக் கல்வியும்

முன்னுரை

ஐந்திணைகளுள் ஒன்றாக நெய்தலை வைத்துப் போற்றியது தமிழ் மரபு. கொற்கையின் முத்து, கீழக்கரையின் சங்கு, கடல் வணிகம் செய்த மரைக்காயர்களின் மரக்கலங்கள் எனக் கடலோடு பின்னிப் பிணைந்தது நம் மக்களின் வரலாறு. இத்தகைய கடற்கரையில் பிறந்து வளரும் சிறாருக்குக் கடலைப் பற்றி நாம் என்ன கற்பிக்கிறோம்? எவ்வாறு கற்பிக்கிறோம்? மன்னார் வளைகுடா, பாக் நீரிணைக் கரைகளை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்னார் வளைகுடாவின் சிறப்பு

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே கரையையொட்டி 21 சிறு தீவுகள் அமைந்துள்ளன. இவற்றைச் சூழ்ந்த பகுதி 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் உருவாக்கப்பட்டது. 2001இல் யுனெஸ்கோ நிறுவனமும் இதனை ஏற்றுக்கொண்டது.

இத்தீவுகளைச் சுற்றி நூற்றுக்கும் மேற்பட்ட பவளப்பாறை இனங்கள் வாழ்கின்றன. பார்வைக்குக் கல்லாகத் தோன்றும் பவளப்பாறை, உண்மையில் எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய வீடாகும். அவ்வுயிர்களின் உடலுள் தங்கி வாழும் நுண்பாசிகளே அவற்றிற்கு உணவும் நிறமும் அளிக்கின்றன. கடல்நீர் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும்போது பாசிகள் வெளியேறிவிடப் பவளம் வெளிறிப்போகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இவ்வளைகுடாவில் இவ்வாறு நிகழ்ந்தது. அதற்கும் முன்னரே, சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பல்லாண்டுகள் பவளக் கற்கள் வெட்டி எடுக்கப்பட்டன. அலையைத் தடுத்த அரண் நீங்கியதனாலும் மணல் அரிப்பினாலும் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. தாத்தா கால் பதித்து நடந்த தீவு பேரன் காலத்தில் இல்லாமற்போயிற்று என்பதை விடவும் வலிமையான பாடம் வேறு உண்டோ!

பெயரில் தொடங்குக

பல ஆண்டுகளுக்கு முன், நாட்டு நலப்பணித் திட்ட முகாமொன்றிற்காக மாணவர்களுடன் ஒரு கடலோரச் சிற்றூருக்குச் சென்றிருந்தேன். அங்குள்ள பள்ளியில் படம் ஒன்றைக் காட்டி, "இது கடற்பசு. இதனை நீங்கள் அறிவீர்களா?" என்று வினவினேன். வகுப்பில் அமைதி நிலவியது. சற்றுப் பொறுத்து ஒரு சிறுமி எழுந்து, "சார், அது ஆவுளியா" என்றாள். உடனே வகுப்பு முழுவதும் பேசத் தொடங்கிவிட்டது. அது புல் மேய்வதையும், மூச்சுவிட மேலே வருவதையும், குட்டியை அணைத்துச் செல்வதையும் நான் கூறுமுன்னரே அவர்கள் கூறினர். கற்பிக்கச் சென்ற நான் கற்றுத் திரும்பினேன்.

தமிழ் ஆசிரியர்கள் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். பேராமை, சிற்றாமை, அழுங்காமை என ஆமைக்கு இனவாரியாகப் பெயர் வைத்திருப்பவர்கள் கடலோர மக்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றின் திசையைச் சொல்லாலேயே உணர்த்துபவர்கள் அவர்கள். இச்சொற்களைக் கொச்சை என்று ஒதுக்கிவிட்டுப் பாடநூற் சொல்லை மட்டும் கற்பித்தால், வீட்டில் பெற்ற அறிவு அறிவே அன்று எனக் குழந்தை எண்ணிவிடும். வீட்டுச் சொல்லை முதலிலும் பாடநூற் சொல்லை அதன் அருகிலும் எழுதுவதே முறையாகும்.

ஓர் உயிரின் வாழ்க்கையைச் சொல்லுக

"கடல்வளம் காப்போம்" எனும் முழக்கத்தைக் காட்டிலும் ஓர் உயிரின் வாழ்க்கை குழந்தையின் உள்ளத்தில் ஆழப் பதியும். ஆவுளியாவையே எடுத்துக்கொள்வோம். அது கடற்புல்லை மேய்ந்து வாழும் பாலூட்டி. ஓராண்டுக்கும் மேலாகக் கருவைச் சுமந்து ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீர்மட்டத்திற்கு வந்து மூச்சு வாங்க வேண்டும். வலையில் சிக்கி மேலே வர இயலாவிடில் மூச்சுத் திணறி இறந்துவிடும். இந்தியக் கடல்களில் எஞ்சியுள்ளவை சில நூறு மட்டுமே என மதிப்பிடப்படுகிறது.

2022ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் நீரிணையில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிருடன் கடலில் விட்ட மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளித்தும் உள்ளது. இச்செய்திகளைக் கேட்கும் சிறுவன், வலையை அறுத்து உயிரை விடுவித்தவர் தன் ஊராரே எனப் பெருமை கொள்வான்.

ஆமையின் கதையும் அத்தகையதே. மணலில் புதைந்த முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கிறது. வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகள் மிகும். இரவில் வெளிவரும் குஞ்சுகள் ஒளி மிகுந்த திசையை நோக்கி நகரும். இயற்கையில் அத்திசை கடலாகவே இருக்கும். கரையில் விளக்குகள் எரிந்தால் அவை வழி தவறி ஊருக்குள் வந்து மடியும். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவு நேரங்களில் கடற்கரையில் நடந்து, ஆமை முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகின்றனர். நம் கல்லூரி மாணவர்களும் எண்ணிப் பார்க்கத்தக்க பணி இது.

ஒரு சிறுவனின் வினா

அதே முகாமின் இறுதி நாள். கடல் அட்டையைப் பிடிப்பது குற்றம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் மெல்ல எழுந்தான். "சார், எங்க வாப்பா அட்டை எடுத்ததுக்குக் கோர்ட்டுக்குப் போய் வந்தாங்க. எங்க வாப்பா கெட்டவங்களா?" என்று கேட்டான். அன்று என்னிடம் தக்க விடை இல்லை. "உட்கார் தம்பி, பிறகு பேசலாம்" என்றேன். அந்தப் 'பிறகு' வரவேயில்லை. அவன் தலை குனிந்து அமர்ந்த காட்சி இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

இன்று அவன் கேட்டால் இவ்வாறு கூறுவேன்: "உன் வாப்பா கெட்டவர் அல்லர். அட்டையை வேகவைத்து உலர்த்திக் கீழை நாடுகளுக்கு அனுப்பும் தொழில் நம் கரையில் தலைமுறை தலைமுறையாக நடந்தது. 2001ஆம் ஆண்டில்தான் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது சேர்க்கப்பட்டது. அட்டை கடலடி மண்ணைத் தின்று தூய்மையாக்கி வெளிவிடும் உயிர். உழவனுக்கு மண்புழு எப்படியோ கடலுக்கு அட்டை அப்படி. அது விரைந்து ஓடித் தப்ப இயலாதது. ஆணும் பெண்ணும் அருகருகே இருந்தால்தான் அதன் இனம் பெருகும். எண்ணிக்கை மிகக் குறைந்துவிட்டால் எஞ்சியவை இருந்தும் பயனில்லை."

பெரியவர்களின் குறையையும் ஆசிரியர் மறைத்தல் கூடாது. எதிர்க்கரையான இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிக்கலாம்; இக்கரையில் பிடித்தால் குற்றம். தடை வந்த அளவுக்கு மாற்றுத் தொழில் வரவில்லை என்பது மீனவர் முறையீடு. இவ்வுண்மைகளையும் சொல்லித்தான் சட்டத்தைக் கற்பிக்க வேண்டும். தந்தையைக் குற்றவாளியாக்கித் தரும் கல்வியைக் குழந்தை ஏற்காது. ஏற்றாலும் அக்குடும்பத்திற்கு அது நன்மையாகாது.

நம் மரபிலேயே உள்ள காப்பு

கடலைக் காப்பது வெளியிலிருந்து வந்த புதுக் கருத்தன்று. சங்கு குளிப்போர், குறிப்பிட்ட பருமனுக்குக் குறைந்த உயிர்ச் சங்கைக் கடலிலேயே திருப்பிவிட வேண்டும் என்பது பழைய விதி. முத்துக் குளிப்போ, பாரை ஆய்ந்து சிப்பி முதிர்ந்தது என்று உறுதியானால் அன்றி நடைபெறாது. தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டிற்குப் பின் முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. வெள்ளிக்கிழமை முஸ்லிம் மீனவர்களும் ஞாயிற்றுக்கிழமை கிறித்தவ மீனவர்களும் கடலுக்குச் செல்லாதிருத்தல் கடலுக்கும் ஓய்வுதானே! கிழக்குக் கரையில் இன்று ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் தடையும் இவ்வெண்ணத்தின் வளர்ச்சியே எனலாம்.

பாம்பன் பகுதியில் பாசி எடுக்கும் பெண்கள், மாதத்தில் பன்னிரண்டு நாள்கள் மட்டுமே பாசி சேகரிப்பது என்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டனர். அவர்களுள் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி 2015இல் சீகாலஜி என்னும் பன்னாட்டு விருதைப் பெற்றார். பள்ளிக்கூடம் காணாத தாய்மாரும் கடலின் நல்லாசிரியராக விளங்க முடியும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயம் முத்தையும் பவளத்தையும் இறைவனின் அருட்கொடைகளாக எடுத்துரைக்கிறது. ஓடும் ஆற்றில் ஒளுச் செய்யும்போதும் நீரை விரயம் செய்யலாகாது என்பது நம் மதரஸாக்களில் பிள்ளைகள் கேட்டு வளரும் நபிமொழி. அருட்கொடை என்று அறிந்த பின் அதனை விரயம் செய்தல் தகுமா? ஜும்ஆ உரையிலும் இதற்குச் சிறிது இடமளிக்குமாறு உலமாப் பெருமக்களை அன்புடன் வேண்டுகிறேன்.

செய்யத்தக்கன

முதலாவதாக, கடலோரப் பள்ளிகளில் மாதம் ஒருமுறை முதிய மீனவர் ஒருவரையோ பாசி எடுக்கும் தாய் ஒருவரையோ வகுப்பிற்கு அழைத்துப் பேசச் செய்யலாம். இரண்டாவதாக, தம் ஊரில் வழங்கும் மீன், ஆமை, சங்கு, காற்று ஆகியவற்றின் பெயர்களைத் தொகுத்துச் சிற்றகராதி ஒன்றை மாணவர்களே உருவாக்கலாம். நம் தமிழ்த்துறை மாணவர்கள் இதற்குத் துணை நிற்கலாம். மூன்றாவதாக, வாரம் ஒருநாள் கடற்கரையில் நடந்து, ஒதுங்கியவற்றைக் குறிப்பேட்டில் எழுதச் செய்யலாம். அறுந்த வலைத் துண்டும் நெகிழிப் பையும் எத்தனை என எண்ணும் குழந்தை, மறுநாள் அதனை எறியத் தயங்கும்.

முடிவுரை

கடலை நூலின் வழியே அறிபவர் பலர். கடலோடு வாழ்ந்து அறிபவர் சிலர். அச்சிலரின் பிள்ளைகளே நம் முன் அமர்ந்திருக்கின்றனர். அவர்தம் வீட்டு அறிவை மதித்து, அறிவியல் உண்மையை அதனோடு இணைத்து, பெற்றோரைப் பழிக்காமல் கற்பித்தால் அக்கல்வி நிலைக்கும். அன்று தலை குனிந்து அமர்ந்த அச்சிறுவன் இன்று இளைஞனாகியிருப்பான். ஒருவேளை தந்தையாகவும் ஆகியிருக்கலாம். அவன் பிள்ளை ஒருநாள் அதே வினாவை எழுப்பினால், விடை கூறத்தக்க ஆசிரியர் ஒருவர் அவ்வகுப்பில் இருக்க வேண்டும். அவ்வாசிரியரை உருவாக்கும் பொறுப்பு இக்கல்லூரிக்கும் உண்டு. எல்லாம் வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!