தம்பி நடிக்கிறான், வாருங்கள்!

சேலம் மாவட்டத்தில் சேர்வராயன் மலை இருக்கிறது. காப்பியும் மிளகும் விளைகிற மலை. அங்கே ஏற்காட்டைச் சேர்ந்த கிராமங்களில் ஒன்று மாரமங்கலம்.

மலைக் கிராமத்துப் பிள்ளை பெரிய படிப்புப் படிக்க வேண்டுமானால், பெரும்பாலும் கீழே இறங்கத்தான் வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள்! இறங்கினால் சேலத்தில் கல்லூரிகள் உண்டு. 1997-ல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகமும் உண்டு.

பிள்ளை படிக்கப் போகிறது. ஒரு நாள் வீட்டுக்குச் சேதி வருகிறது.

"ஆண்டு விழாவில் நாடகம். நானும் நடிக்கிறேன்!"

அவ்வளவுதான். வீடு இரண்டு படும்.

"படிக்க அனுப்பினால் கூத்தாடப் போகிறானா?" என்பார் அப்பா.

"என்ன வேஷமாம்?" என்பாள் அம்மா.

அண்ணன் ஒன்றும் பேச மாட்டான். நேரே சிநேகிதனிடம் போவான். "தம்பி நடிக்கிறான். நீயும் வரணும்" என்பான். சிநேகிதன் எப்படி மறுப்பான்? மறுத்தால் அடுத்த முறை கைமாற்றுக் கிடைக்குமா?

மலை ஊரானாலும் சரி, பட்டணமானாலும் சரி, கல்லூரி நாடகத்துக்குக் கூட்டம் சேருவது இப்படித்தான். கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர்களை விசாரித்துப் பாருங்கள். நாடகம் என்றால் உயிர் என்று வந்தவர் பத்துப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர் எல்லாம் யார்? அக்கா, மாமன், அடுத்த வீட்டுக்காரர், அண்ணனின் சிநேகிதன், அந்தச் சிநேகிதனின் மனைவி!

தம்பிக்கு ராஜா வேஷம் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். பார்த்தால் ராஜாவுக்குப் பின்னால் ஈட்டி பிடித்து நிற்கும் காவலாளி வேஷம்! "உத்தரவு மகாராஜா" என்று ஒரே வார்த்தை. அந்த ஒரு வார்த்தைக்கு முன் வரிசையில் கைதட்டல் பிளக்கும். ராஜாவாக நடிக்கும் பையன் திகைத்துப் போவான்!

சிரிக்க வேண்டாம். இந்தக் கைதட்டல்காரர்கள் இல்லாவிட்டால் கல்லூரி நாடகமே இல்லை.

சீமையிலும் இதே கதை

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே 1883-ல் மாணவர்கள் "புட்லைட்ஸ்" என்று ஒரு நாடக சங்கம் தொடங்கினார்கள். ஆக்ஸ்போர்டு மாணவர்கள் விடுவார்களா? 1885-ல் அவர்களும் ஒரு நாடக சங்கம் ஆரம்பித்தார்கள். ஆஸ்கார் பரிசு வாங்கிய எம்மா தாம்சன் என்ற நடிகை, படிக்கும் காலத்தில் புட்லைட்ஸ் மேடையில் நடித்தவர்தான்.

நம் பக்கத்தில் சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 1891-ல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18! பின்னாளில் அவர் நீதிபதியானார். நாடகத்தையும் விடவில்லை. அவருடைய நண்பர் ரங்கவடிவேலு பெண் வேஷம் கட்டினார். படித்தவர்கள் மேடை ஏறினால் மானம் போய்விடும் என்று பேசிய காலம் அது. அந்தச் சபை வந்த பிறகு, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் கூச்சம் இல்லாமல் வேஷம் கட்டினார்கள்.

ஆனால் ஒரு விஷயம். நகரத்துப் படிப்பாளிகள் மேடை நாடகம் போட்டார்கள். கிராமத்துக் கூத்து கிராமத்திலேயே இருந்தது. "கூத்தாடி" என்பது வசைச் சொல்லாகவே இருந்தது.

கூத்து பல்கலைக்கழகத்துக்குள் போனால் என்ன ஆகும்? கூத்தாடியின் உறவினர்கள் அங்கே பார்க்கப் போனால் என்ன நினைப்பார்கள்?

அதைப் பார்க்கக் கடல் தாண்ட வேண்டும்.

இரண்டு கரையிலும் ஒரே கர்ணன்

தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் தெருக்கூத்து என்றால் கர்ண மோட்சத்துக்குத் தனி மவுசு. குந்தி பெற்ற பிள்ளை கர்ணன். தேரோட்டி வீட்டில் வளர்ந்தான். சபையில் எல்லாரும் அவனை இழிவாகப் பேசினார்கள். துரியோதனன் ஒருவன்தான் கைகொடுத்தான். அங்க நாட்டுக்கு அரசனாக்கினான். அந்த நட்புக்காகக் கர்ணன், கூடப்பிறந்த தம்பிகளையே எதிர்த்து நின்றான். உயிரையும் விட்டான்.

சிநேகிதனுக்காக இரண்டு மணி நேரம் நாடகம் பார்க்கச் சலித்துக்கொள்பவர்கள் கர்ணனை நினைத்துக்கொள்ளலாம்!

இதே கர்ணன் இலங்கையிலும் ஆடுகிறான். இலங்கையின் கிழக்குக் கரையில் மட்டக்களப்பு இருக்கிறது. அங்கே தமிழர்களின் கூத்து வடமோடி, தென்மோடி என்று இரண்டு வகை. பாரதப் போர், ராமாயணப் போர் எல்லாம் பெரும்பாலும் வடமோடியில் வரும்.

கூத்தைச் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியருக்கு "அண்ணாவியார்" என்று பெயர். ஊரில் கூத்துப் போட முடிவானால், முதலில் யாருக்கு எந்த வேஷம் என்று பிரித்துக் கொடுப்பார் அண்ணாவியார். அதற்குச் "சட்டம் கொடுத்தல்" என்று பெயர். பிறகு இரவு இரவாக ஒத்திகை. ஆட்டம் ஓரளவு படிந்த பிறகு காலில் சதங்கை கட்டும் நாள். கடைசியில் அரங்கேற்றம்.

மேடை கிடையாது. திரை கிடையாது. வட்டமான களரி. நடுவில் ஆட்டம், சுற்றிலும் ஜனம். மத்தளம் முழங்கும். விடிய விடிய ஆட்டம் நடக்கும்.

சுற்றி உட்கார்ந்திருக்கும் ஜனம் யார்? ஆடுகிறவனின் தாய், தகப்பன், மச்சான், மருமகன்! "என் பிள்ளை ஆடுகிறான்" என்று பார்க்க வந்தவர்கள்தான் அங்கேயும். ஆனால் கல்லூரிக் கொட்டகைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. களரியைச் சுற்றி இருப்பவர்களுக்குக் கூத்து தெரியும். பாட்டும் தெரியும், தாளமும் தெரியும். பையன் ஒரு அடி தப்பாக வைத்தால் கிழவிக்குக் கூடத் தெரிந்துவிடும்!

பேராசிரியர் செய்த துணிச்சல்

இலங்கையின் நடுவே, கண்டி நகருக்குப் பக்கத்தில் பேராதனை. மலைநாடு. மகாவலி கங்கை ஓடும் ஊர். அங்கேதான் பெரிய பல்கலைக்கழகம். அந்தக் காலத்தில் சர்வகலாசாலை என்பார்கள்.

அங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர் க. கணபதிப்பிள்ளை. அவர் யாழ்ப்பாணத்து ஜனங்கள் வீட்டில் பேசும் பேச்சிலேயே நாடகம் எழுதினார். மாணவர்கள் நடித்தார்கள். "மேடையில் வீட்டுப் பேச்சா?" என்று மூக்கில் விரலை வைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பார்க்க வந்த தாய்மாருக்கு அகராதி தேவைப்படவில்லை!

அவருடைய மாணவர் சு. வித்தியானந்தன். 1924-ல் பிறந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கி வந்து, பேராதனையில் தமிழ் கற்பித்தார். இலங்கைக் கலைக்கழகத்தில் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை வகித்தார். ஊர் ஊராகப் போனார்; கூத்துக்களைப் பார்த்தார்; பழைய கூத்துப் புத்தகங்களை அச்சில் கொண்டுவந்தார்.

1956-ல் அதே பல்கலைக்கழகத்துச் சிங்களப் பேராசிரியர் சரச்சந்திரா "மனமே" என்று ஒரு நாடகம் போட்டார். நடித்தவர்கள் மாணவர்கள். சிங்களர்களின் பழைய "நாடகம" என்ற கூத்து முறையில் அது அமைந்தது. இலங்கை முழுவதும் ஒரே பேச்சு! அந்த நாடகம என்பதோ தமிழ்க் கூத்தின் வழியில் வந்தது.

நம்மிடமிருந்து போன சரக்கு அங்கே பெயர் வாங்குகிறது. நம் வீட்டில் அது திண்ணையில் கிடக்கிறது. வித்தியானந்தன் வெறுமனே இருக்கவில்லை.

1962-ல் "கர்ணன் போர்" என்ற வடமோடிக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்தே மேடை ஏற்றினார். பழக்குவதற்கு யார்? மட்டக்களப்புப் பக்கத்தில் வந்தாறுமூலை என்ற ஊர். அங்கிருந்து செல்லையா அண்ணாவியார் வந்தார். சர்வகலாசாலை மாணவர்களுக்குக் கிராமத்து அண்ணாவியார் வாத்தியார்! புத்தகம் சுமக்கும் பிள்ளைகள் அவர் தட்டிய தாளத்துக்குக் கால் வைத்தார்கள்.

மாணவர்களில் ஒருவர் சி. மௌனகுரு. மட்டக்களப்பில் பிறந்தவர். வந்தாறுமூலைப் பள்ளியில் படித்தவர். அவருக்குக் கூத்து புதிது அல்ல. ஆனால் கூடப் படித்த பலருக்கு அதுவரை கூத்து என்றால் பாமரர் ஆட்டம். இப்போது பேராசிரியரே முன் வரிசையில் உட்கார்ந்து தாளம் போடுகிறார்!

வெட்டியது என்ன, சேர்த்தது என்ன?

விடிய விடிய ஆடும் கூத்தை ஒன்றரை மணி நேர அளவுக்குச் சுருக்கினார் வித்தியானந்தன். வட்டக் களரியை விட்டு, ஒரு பக்கம் மட்டும் திறந்த மேடைக்குக் கொண்டுவந்தார். கிராமத்தில் பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவார்கள். இங்கே மாணவிகளும் மேடை ஏறினார்கள். 1962-ல் ஒரு குடும்பத்துப் பெண் கூத்தில் ஆடுவது லேசான காரியமா? அதற்குச் சம்மதித்த தாய் தகப்பனுக்கு எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டிருப்பார்கள்!

1963-ல் "நொண்டி நாடகம்" வந்தது. அதன் பிறகு "இராவணேசன்". இராவணனாக நின்றவர் மௌனகுரு. பிறகு "வாலிவதை". கூத்துகள் பேராதனையோடு நிற்கவில்லை. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் போயின.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. நகரத்தில் பார்த்தவர்கள் "ஆகா, இப்படி ஒரு கலையா!" என்று வியந்தார்கள். ஆனால் மட்டக்களப்பில்? அங்கே பார்ப்பவன் கூத்தோடு பிறந்தவன். சுற்றி உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தை, எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கோழி கூவும் வரை நடந்த போர், சாப்பாட்டு நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. "இது நம் கூத்துதானா?" என்று அவன் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. வட்டக் களரி போனதால் கூத்தின் உயிரில் பாதி போயிற்று என்பவர்கள் உண்டு. சுருக்கி இருக்காவிட்டால் படித்தவன் உட்கார்ந்தே இருக்க மாட்டான், கூத்தும் கிராமத்தோடு மங்கியிருக்கும் என்பவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஒன்று நடந்தது. கூத்தாடியின் மகன், "என் அப்பா கூத்தாடினார்" என்று வகுப்பில் தலை நிமிர்ந்து சொல்லக்கூடிய காலம் வந்தது. அதைக் குறைவாக மதிக்கக் கூடாது.

வித்தியானந்தன் பிறகு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். 1989-ல் காலமானார். மௌனகுரு மட்டக்களப்பின் மரபு நாடகங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினார். கூத்து ஆட்டத்தை வைத்தே "சங்காரம்" என்ற புது நாடகமும் செய்தார். அதில் ராஜா கதை இல்லை. உழைக்கும் ஜனங்களின் கதை.

பார்க்கப் போகிறவர்களுக்கு

சிநேகிதனின் தம்பியோ தங்கையோ கல்லூரி நாடகத்தில் நடித்தால் சும்மா போகக் கூடாது. என்ன கதை என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போவது நல்லது. கர்ணன் கதை தெரிந்தவனுக்குக் குந்தி வரும்போதே கண் கலங்கும். தெரியாதவன் "இந்த அம்மாள் யார்?" என்று பக்கத்தில் கேட்டு, பக்கத்தில் இருப்பவனுக்கும் நாடகத்தைக் கெடுப்பான்.

தம்பி மேடைக்கு வந்ததும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பாவம், பையன் வசனத்தை மறந்துவிடுவான்! அவன் காட்சி முடிந்தது என்று எழுந்து போவதும் அழகல்ல. அடுத்த காட்சியில் வருபவனுக்கும் ஓர் அக்கா எங்கேயோ உட்கார்ந்திருப்பாள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். பவுடர் வழியும் முகத்தோடு நிற்பான். "நன்றாக இருந்தது" என்று மட்டும் சொன்னால் போதாது. எந்த இடம் நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். "ஈட்டியை ஆடாமல் அசையாமல் பிடித்தாயே, அது!" என்றால் கூடப் போதும். அன்றிரவு அவனுக்குத் தூக்கம் வராது.

வந்தாறுமூலையில்

1962-ல் செல்லையா அண்ணாவியார் கிழக்குக் கரையை விட்டு மலைநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க் கூத்துப் பழக்கினார் அல்லவா? 1981-ல் மட்டக்களப்பில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கினார்கள். 1986-ல் அது கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது.

எந்த ஊரில் தெரியுமா? அதே வந்தாறுமூலையில்!

மௌனகுரு அங்கே பேராசிரியரானார். பழைய இராவணேசனை அங்கே உள்ள மாணவர்களை வைத்து மறுபடியும் மேடை ஏற்றினார். அந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து தம்பியின் ஆட்டத்தைப் பார்க்க வரும் அக்காவுக்கு இப்போது மலை ஏறும் வேலை இல்லை. பஸ் ஏறினால் போதும். அவள் தாளமும் தெரிந்தவள். ஓர் அடி தப்பினாலும் பிடித்துவிடுவாள்!