சங்ககிரி ஏறுவோம்!

வாரம் முழுவதும் பனியன் கம்பெனி இரைச்சலில் சலித்துப் போன திருப்பூர்க் காதுகளுக்கு ஓர் ஔஷதம் சொல்லுகிறோம். ரயிலேறி, ஈரோட்டைத் தாண்டிச் சங்ககிரி துர்க்கம் ஸ்டேஷனில் இறங்குங்கள். எல்லா வண்டிகளும் அங்கே நில்லா. முன்கூட்டியே விசாரித்துக் கொள்வது நலம். வறண்ட சமவெளியின் நடுவே கோட்டையைச் சுமந்து கொண்டு நிற்கிறது கருங்கல் மலை.

மார்கழியும் தையுமே உத்தமம். சித்திரையில் பாறை தோசைக்கல்லாகிவிடும். விடியும்போதே ஏறத் தொடங்கி, உச்சி வெயிலுக்கு முன் இறங்கிவிட வேண்டும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும், வழுக்காத ரப்பர் அடிப் பூட்ஸும் அவசியம். மழையில் நனைந்த பாறையில் கால் வைப்பது விஷப் பரீட்சை. குழந்தைகளைக் கோட்டைப் பாதையிலிருந்து விலக விடாதீர்கள். கயிறு கட்டிச் செங்குத்துப் பாறையில் ஏற விரும்பும் வாலிபர்களுக்குப் பயிற்சி பெற்றவரின் துணை வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இடமாதலால் அனுமதியும் வேண்டும்; மதிலில் ஆணி அடிக்கலாகாது.

இவ்வளவு சிரமம் எதற்கு? காங்கயம் பக்கத்து மேலப்பாளையத்தில் 1756-ல் பிறந்த தீரன் சின்னமலை, கும்பெனியாரை எதிர்த்துப் போரிட்டு, 1805 ஜூலை 31-ல் இங்கேதான் தூக்கிலிடப்பட்டார். அவர் உயிருடன் திரும்பாத இடத்திலிருந்து நாம் பத்திரமாக வீடு திரும்புகிறோம். உச்சியில் ஒரு நிமிஷம் மௌனமாக நின்று அதை நினைத்தால் பிரயாணம் பூர்த்தியாகும்.