இரவில் பறக்கும் சிறிய விமானம்: காக்பிட்டில் வெளிச்சம் ஏன் கம்மியா இருக்கணும்?

படம் தொடங்கிய பிறகு தியேட்டருக்குள் நுழைந்து, படி எது, சீட் எது என்று தெரியாமல் தடுமாறியிருக்கிறீர்களா? செஸ்னா 172 போன்ற சிறிய விமானத்தை இரவில் ஓட்டுபவருக்கும் இதே பிரச்சினைதான். ஆனா, அவருக்குத் தடுமாற நேரம் கிடையாது.

கண்ணுக்கு எவ்வளவு நேரம் தேவை?

இருட்டில் பார்க்க உதவுபவை விழித்திரையில் உள்ள ‘ராட்’ செல்கள். இவை முழுமையாக இருட்டுக்குப் பழக சுமார் 30 நிமிடங்கள் ஆகும். பளிச்சென்ற வெளிச்சம் பட்டால் சில விநாடிகளிலேயே அந்தப் பழக்கம் போய்விடும். பிறகு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்.

விமானிக்கு உள்ளே வேகமும் உயரமும் காட்டும் கருவிகள் தெரிய வேண்டும். வெளியே மற்ற விமானங்களின் விளக்குகளும் ஓடுபாதையும் தெரிய வேண்டும். உள்ளே வெளிச்சம் அதிகமானால் கண்ணாடியில் அதன் பிம்பம்தான் தெரியும்.

சிவப்பு விளக்கு எதற்கு?

அடர் சிவப்பு ஒளி ராட் செல்களை அதிகம் பாதிக்காது. அதனால்தான் பல பழைய விமானங்களின் காக்பிட்டில் சிவப்பு விளக்கு இருக்கும். ஆனா இதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பு ஒளியில் வரைபடத்தின் சிவப்புக் கோடுகள் மறைந்துவிடும். எனவே வரைபடம் படிக்க மங்கலான வெள்ளை ஒளியே நல்லது.

நிறம் எதுவானாலும் அளவுதான் முக்கியம். கண் இருட்டுக்குப் பழகப் பழக, டிம்மரைத் திருகி வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். டேப்லெட்டில் வரைபடம் பார்ப்பவர்கள் அதன் பிரைட்னஸையும் மறக்காமல் குறைக்கணும்.

விளக்கே போயிட்டா?

டயல் கருவிகள் கொண்ட பழைய செஸ்னா 172-இல் வேகமானியும் உயரமானியும் காற்றழுத்தத்தால் இயங்குபவை. விமானம் சாய்வதைக் காட்டும் கருவி, இன்ஜினோடு சுழலும் வேக்குவம் பம்ப்பால் இயங்கும். மின்சாரம் போனாலும் இவை வேலை செய்யும். ஆனா, விமானியால் அவற்றைப் பார்க்க முடியாது! அடிவானமும் தெரியாத இருட்டில், விமானம் நேராகப் போகிறதா, சாய்கிறதா என்று உடலால் சரியாக உணர முடியாது.

அதனால்தான் இரவில் பறக்கும் ஒவ்வொரு முறையும் நம்பகமான ஒரு டார்ச்சாவது வேண்டும் என்கிறது அமெரிக்காவின் எஃப்ஏஏ கையேடு. அதைப் பைக்குள் புதைத்து வைக்காமல், கை நீட்டினால் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும். இருட்டில் டார்ச்சைத் தேட இன்னொரு டார்ச் இருக்காதே!