கர்ப்பமுற்ற மாணவியரும் மூடப்பட்ட வகுப்பறைகளும்: சியரா லியோனின் அனுபவம்

மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில், கர்ப்பமுற்ற மாணவியர் பள்ளிக்கூடத்துக்கு வருவதற்கு 2015 ஆம் ஆண்டு விதிக்கப்பட்ட தடை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. பதின்பருவத்தில் கருத்தரிக்கும் ஒரு பெண்ணின் எதிர்காலத்தைக் குலைப்பது கர்ப்பமா, அல்லது அதற்காக அவளுக்கு விதிக்கப்படும் தண்டனையா என்ற கேள்வியை அந்தத் தடை எழுப்பியது.

இந்தப் பிரச்சினையின் பின்னணியில் இருந்தது இபோலா நோய். ஏறக்குறைய 4,000 பேரை அந்நாட்டில் பலிகொண்ட இந்நோய் காரணமாக 2014 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மூடப்பட்ட பள்ளிகள், 2015 ஏப்ரல் மாதத்திலேயே மீண்டும் திறக்கப்பட்டன. இடைப்பட்ட மாதங்களில் பெற்றோரை இழந்த சிறுமியர் பலர். வருமானம் இழந்த குடும்பங்கள் அதைவிட அதிகம். உணவுக்கும் பணத்துக்கும் ஈடாகப் பாலுறவுக்கு இணங்க வேண்டிய நிலைக்குச் சிலர் தள்ளப்பட்டனர். வேறு சிலர் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். கருத்தடை ஆலோசனை பெறுவதற்கோ சுகாதார நிலையங்கள் வழக்கம்போல் இயங்கவில்லை.

பள்ளிகள் திறக்கப்பட்டபோது, கர்ப்பம் வெளியே தெரியும் மாணவியர் வகுப்புக்கு வரக்கூடாது, தேர்வும் எழுதக்கூடாது என்று அரசு அறிவித்தது. அவர்களைப் பார்த்து மற்ற மாணவியரும் கெட்டுப்போவார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சில பள்ளிகளில் மாணவியரின் வயிற்றையும் மார்பையும் தொட்டுப் பார்த்துச் சோதித்ததாக சர்வதேச மன்னிப்புச் சபை அதே ஆண்டில் வெளியிட்ட அறிக்கை தெரிவித்தது. கர்ப்பத்துக்குக் காரணமானவர் ஒரு மாணவராக இருந்தால், அவர் தடையின்றிப் படிப்பைத் தொடரலாம்.

இதில் முரண்பாடு வெளிப்படையானது. அந்நாட்டின் 2012 ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தின்படி, 18 வயதுக்குக் குறைந்தவர் குழந்தையே. ஆகவே சட்டத்தின் பார்வையில் குற்றத்துக்கு இரையான பல சிறுமியர், பள்ளியின் பார்வையில் குற்றவாளிகள் ஆனார்கள்.

தடைக்கு ஈடாக, வெளிநாட்டு உதவியுடன் தனி வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஆனால் அவை வாரத்தில் சில நாட்கள் மட்டுமே நடந்தன; கற்பிக்கப்பட்ட பாடங்களும் குறைவு. முக்கியத் தேர்வை எழுத முடியாத மாணவிக்கு அவ்வகுப்புகளால் பெரிய பயன் ஏதும் இருக்கவில்லை.

உள்ளூர்ப் பெண்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எக்கோவாஸின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தடை பாகுபாடானது, உடனே நீக்கப்பட வேண்டும் என்று கூறிய நீதிமன்றம், தனி வகுப்புகளையும் பாகுபாடு என்றே கருதியது. 2020 மார்ச் இறுதியில் அதிபர் ஜூலியஸ் மாடா பியோவின் அரசு தடையை விலக்கிக்கொண்டது. அப்போது கொரோனா காரணமாகப் பள்ளிகள் மீண்டும் மூடப்படும் நேரம்.

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள டான்சானியாவிலும் இதே போக்கு காணப்பட்டது. குழந்தை பெற்ற மாணவியர் அரசுப் பள்ளிக்குத் திரும்ப முடியாது என்று 2017 இல் அப்போதைய அதிபர் ஜான் மகுஃபுலி அறிவித்தார். அவரது மறைவுக்குப் பின்னர், 2021 நவம்பரில் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது.

இளவயதுக் கர்ப்பத்தின் உடல்நல ஆபத்துகள் உண்மையானவை என்பதில் ஐயமில்லை. உலக அளவில் 15 முதல் 19 வயதுவரையிலான பெண்களின் மரணத்துக்கான முக்கியக் காரணங்களில் கர்ப்பகால, பிரசவகாலச் சிக்கல்களும் அடங்கும். இடுப்பெலும்பு முழு வளர்ச்சி பெறாத நிலையில் பிரசவம் தடைப்பட்டு நீடிக்கும்போது, சிறுநீர் கட்டுப்பாடின்றிக் கசியும் ஃபிஸ்டுலா பாதிப்பும் ஏற்படலாம். ஆனால் மாணவியரைப் பள்ளியிலிருந்து வெளியேற்றுவதால் இந்த ஆபத்துகள் எதுவும் குறைவதில்லை.

ஆபத்தைக் குறைத்தது வேறொன்று. பிராக் தொண்டு நிறுவனம் சியரா லியோன் கிராமங்களில் சிறுமியருக்கென மன்றங்களை நடத்தி, இனப்பெருக்க நலம் பற்றிய அறிவையும் தொழிற்பயிற்சியையும் அளித்தது. அத்தகைய மன்றங்கள் இருந்த கிராமங்களில், இபோலா காலத்தில் கர்ப்பமுற்றவர்களும் படிப்பைக் கைவிட்டவர்களும் மற்ற கிராமங்களைவிடக் குறைவு என்று பொருளாதார ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆண்கள் இல்லாமல் கூடிப் பேச ஓரிடம் கிடைத்ததே பெரிய பாதுகாப்பாக அமைந்தது.

2024 ஆம் ஆண்டில் சியரா லியோன் குழந்தைத் திருமணத்தைத் தடைசெய்தும் சட்டம் இயற்றியது. எனினும் பள்ளிக்குத் திரும்பும் இளம் தாய்க்குக் குழந்தையை யாரிடம் விட்டுச்செல்வது என்ற சிக்கல் இருக்கிறது. சக மாணவியரின் ஏளனமும் இருக்கிறது. தடை வந்தபோது 15 வயதாக இருந்தவருக்கு, அது நீங்கியபோது வயது 20. கையில் பள்ளி செல்லும் பருவத்தை நெருங்கும் ஒரு குழந்தை.