கோபமில்லை சார், கடுப்பு!

பிரிட்டிஷ்காரர் ஒருவர் 'பிரவுன்ட் ஆஃப்' என்று சொன்னால் வெயிலில் கறுத்துவிட்டார் என்று எண்ண வேண்டாம், ஆள் வெறுத்துப்போயிருக்கிறார். 'சீஸ்ட் ஆஃப்' என்றாலும் அதேதான். கடைவாய்ப் பல் வரைக்கும் சலித்துவிட்டது என்றும் சொல்வார்கள். 'கெட்ஸ் ஆன் மை விக்' என்று அலுத்துக்கொள்ளும் பாட்டிகள் உண்டு. அந்த 'விக்', தென்மேற்கு லண்டனின் ஹாம்ப்டன் விக் என்ற இடப்பெயரில் பாதி; ஒரு கெட்ட வார்த்தைக்கு எதுகையாக வந்து உட்கார்ந்தது. தெரிந்தால் பாட்டி வாயைத் திறக்கமாட்டார்.

நமக்கு வேண்டியவை முதல் இரண்டும்தான். இரண்டாம் உலகப்போரில் விமானப்படை முகாம்களில் புழங்கிப் பரவியவை. சினிமாவில் வருகிற போர் வேறு. முகாமில் கிடந்தவனுக்குப் போர் என்பது பெரும்பாலும் காத்திருப்பு. டீக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை, பித்தளைப் பொத்தானைத் தேய்த்துப் பளபளப்பாக்கிக்கொண்டு அதிகாரி முன் நிற்பது. எதிர்த்துப் பேசினால் தண்டனை. கடுப்பாக இருக்கிறது என்று முனகினால் யாரும் கண்டுகொள்ளமாட்டார்கள். ஏனென்றால், கடுப்பேற்றியது யார் என்று சொல்லாமலே அந்தச் சொற்களைச் சொல்லிவிடலாம். அதிகாரிகளுக்கு இதைவிட வசதியான புலம்பல் கிடைக்குமா?

போர் முடிந்தும், இந்தப் பக்கம் இருந்த பிரிட்டிஷ் விமானப்படையினருக்கு ஊருக்குப் போகக் கப்பல் வரவில்லை. 1946 ஜனவரியில் கராச்சியின் டிரிக் ரோடு முகாமில், நீலச் சீருடை அணிந்து அணிவகுக்கச் சொன்னபோது ஆட்கள் மறுத்துவிட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் செய்த வேலைநிறுத்தம்! கான்பூர், இலங்கை, சிங்கப்பூர் என்று பரவியது. சுமார் 50,000 பேர் என்பார்கள். சிலர் ராணுவ நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது. ஆனால், ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் வேலை சூடுபிடித்தது. அடுத்த மாதம் பம்பாயில் இந்தியக் கடற்படையினர் கிளர்ந்தெழுந்ததைப் படித்திருக்கிறோம். அதற்கு முந்தைய இந்தக் கதையைப் பாடப்புத்தகத்தில் தேட வேண்டாம்.

மறுத்தபோதுதான் காரியம் நடந்தது, முனகியபோது அல்ல. என் கவலையே இதுதான். சிரிக்கச் சிரிக்கப் புலம்பத் தெரிந்தவன் எத்தனை வருடமானாலும் பொறுத்துக்கொள்வான். அதே கடுப்புக்கு 'பிராஸ்ட் ஆஃப்' என்று இன்னொரு சொல் இருக்கிறது; 'பிராஸ்' என்றால் பித்தளை. 1996-ல் அதையே தலைப்பாக்கி ஒரு பிரிட்டிஷ் படம் வந்தது: மூடப்படும் நிலக்கரிச் சுரங்கம், அதன் தொழிலாளர்கள் வாசிக்கும் பித்தளை வாத்தியக் குழு. 1984-85-ல் ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்ற சுரங்கத் தொழிலாளர் வர்க்கம் அது. தோற்ற பிறகு மிஞ்சியது சிலேடை.

புலம்பல் மனதுக்கு நல்ல வடிகால் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கட்டும். இப்போது அலுவலகத்துக்காரர்களுக்கென்றே திங்கட்கிழமையைத் திட்டும் வாசகத்தோடு காபிக் கோப்பைகள் விற்கிறார்கள். பாவம், திங்கட்கிழமை என்ன செய்தது? சம்பளத்தையோ வேலை நேரத்தையோ திட்டும் கோப்பை ஒன்று என் கண்ணில் இன்னும் படவில்லை.