மின்துடிப்பில் எழும் பாதம்

நடத்தல் என்பது எண்ணிப் பாராமலே நாம் செய்யும் செயல். ஒவ்வோர் அடியிலும் பாதத்தின் முன்பகுதி தரையில் உரசாதவாறு சற்றே உயர்கிறது. அதற்கான ஆணையை மூளை பிறப்பிக்க, தண்டுவடமும் நரம்புகளும் அதனைக் கால் தசைகளிடம் சேர்க்கின்றன.

மூளையின் குருதிக்குழாய் அடைபடும்போதோ வெடிக்கும்போதோ பக்கவாதம் உண்டாகிறது. அதனால் சிலருக்கு அந்த ஆணை காலைச் சென்றடைவதில்லை, பாதம் தொய்ந்துவிடுகிறது. வாயிற்படியும் விரிப்பின் ஓரமும்கூட அவர்களுக்குத் தடைகளாகின்றன. விழுந்துவிடுவோமோ என்னும் அச்சம், அவர்களை வீட்டிற்குள்ளேயே முடக்குகிறது.

எனினும், பழுதுபட்டது மூளையே. தண்டுவடத்திலிருந்து காலுக்குச் செல்லும் நரம்பும் தசையும் பெரும்பாலும் செயலிழப்பதில்லை. மூளை அனுப்ப இயலாத ஆணையை மின்துடிப்பால் அந்நரம்புக்கு வழங்கும் முறையே 'செயல்சார் மின்தூண்டல்' ஆகும். தொய்ந்த பாதத்தை உயர்த்த இம்முறை பயன்படுவதை, 1961ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லிபர்சனும் அவருடைய குழுவினரும் வெளியிட்டனர்.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறமாகச் செல்லும் நரம்பின்மீதும் முன்கால் தசையின்மீதும் மின்முனைப் பட்டைகள் ஒட்டப்படுகின்றன. காலணிக்குள் ஓர் அழுத்த உணரி உள்ளது. குதிகால் எழுந்ததும் சிறு கருவியொன்று மின்துடிப்புகளை அனுப்பப் பாதம் உயர்கிறது. குதிகால் மீண்டும் ஊன்றியதும் துடிப்பு அடங்குகிறது.

இக்கருவியோடு வாழ்வதற்குப் பொறுமை தேவை. பட்டை சற்று விலகினாலும் பாதம் உட்புறமோ வெளிப்புறமோ திரும்பிவிடும். எனவே, நாள்தோறும் உரிய இடமறிந்து ஒட்ட வேண்டும். தோல் சிவக்கலாம்; தொடக்கத்தில் தசை விரைவில் களைப்படையலாம். ஆகவே, பயன்படுத்தும் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுவர். இதயமுடுக்கி பொருத்தப்பட்டவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி இதனைப் பயன்படுத்தலாகாது.

கருவியை நிறுத்தினால் பலருக்குப் பாதம் மீண்டும் தொய்வடைகிறது. இவ்வகையில் இது நோய் தீர்க்கும் மருந்தன்று. மூக்குக்கண்ணாடியைப் போன்ற துணையே. ஆயினும், அத்துணையின் பயன் பெரிது. ஒவ்வோர் அடியிலும் தரையையே நோக்கி நடந்தவர், இப்போது தலைநிமிர்ந்து எதிரில் வருபவரோடு பேசியவாறே நடக்கலாம். எண்ணிப் பாராமல் நடக்கும் உரிமையின் ஒரு பகுதி அவருக்குத் திரும்பக் கிடைக்கிறது.